கிளை நூலக மாடியில் கவிதை மையம்: வாசிப்பு, பட்டறை, வெண்பா வகுப்பு மூன்றையும் எப்படி நடத்துவது?

கரையோரவன்:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கிளை நூலகத்தில், வாசகர் வட்டத்தின் பெயரில் கவிதைக்கென்று ஒரு மையம் தொடங்குகிறோம். மாடியில் ஓர் அறை இருக்கிறது. 40 நாற்காலி, நான்கு மின்விசிறி, ஒரு கரும்பலகை. ஞாயிறு பிற்பகல் 3 முதல் 7 வரை அறை எங்களுக்கு. வருவதாகச் சொல்லியிருப்பவர்கள் கலவையான கூட்டம்: கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள், முகநூலில் எழுதுகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளை அனுப்பக் கேட்கும் பெற்றோர்.

மாதாந்தர வாசிப்பு, எழுதியதைத் திருத்தும் பட்டறை, மரபு யாப்பு வகுப்பு என மூன்றும் வேண்டும் என்று ஆசை. மூன்றையும் ஒரே ஞாயிற்றில் வைக்கலாமா? ஒருவர் கவிதையை இன்னொருவர் விமர்சிக்கும்போது மனக்கசப்பு வராமல் எப்படி நடத்துவது? வெண்பா கற்க எத்தனை வாரம் வேண்டும்? மைக் வேண்டுமா? நடத்திப் பழகியவர்கள் அளவோடு, கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மேசைவிளக்கு:

ஒரே ஞாயிற்றில் மூன்றையும் வைக்காதீர்கள் தம்பி. நேரம் போதாது என்பது சின்னக் காரணம்தான். மூன்றுக்கும் தேவைப்படும் மனநிலை வேறு. வாசிப்பில் கவிதை முடிந்த பொருள்; கேட்கிறவர் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பட்டறையில் அதே கவிதை பிரித்துப் போட்ட பொருள். வகுப்பில் உங்கள் கவிதையே கிடையாது, பயிற்சி மட்டும். இவற்றைக் கலந்தால் வாசிப்பு முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, மேடையில் நிற்கும் இருபது வயதுப் பெண்ணிடம் எதுகை சரியில்லை என்பார். அந்தப் பெண் மறுபடி வரமாட்டாள். ஆகவே முதல் ஞாயிறு வாசிப்பு, மூன்றாம் ஞாயிறு பட்டறை என்று நிரந்தரமாக ஒதுக்குங்கள். யாப்பு வகுப்பு வாரந்தோறும் நடந்தால்தான் கைவரும். ஆண்டுக்கு இரண்டு சுற்று போதும். வாசிப்பு அரங்கில் கருத்துரை கிடையாது என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

இனிப் பட்டறை. ஆட்கள் 8 முதல் 10. 12க்கு மேல் போனால் அது பட்டறை அல்ல, கூட்டம். இரண்டரை மணி நேரம் என்றால் 150 நிமிடம்: தொடக்கப் பயிற்சிக்கு 15, தேநீருக்கு 15, மீதி 120. ஒரு கவிதைக்கு 20 நிமிடம் என்றால் ஆறு கவிதை. பத்துப் பேரில் மீதி நால்வர் அடுத்த மாதம் வரிசையில் முதலில். இந்த வரிசையை எழுதி ஒட்டிவிட வேண்டும். யார் கவிதை எப்போது என்பதில்தான் முதல் சண்டை வரும்.

கவிதை 30 வரிக்கு மிகாமல், முந்தைய புதன்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். யுனிகோடில் தட்டச்சு செய்து பி.டி.எஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வேர்டு கோப்பாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். ஞாயிறு காலையில் நகல் கடையில் நின்று தவிப்பீர்கள். ஐந்து வரிக்கு ஒரு முறை ஓரத்தில் வரி எண் போடுங்கள். "நடுவுல ஒரு இடம் சரியில்ல" என்பது யாருக்கும் உதவாது. "14ஆம் வரியில் யார் பேசுகிறார் என்று தெரியவில்லை" என்றால் உடனே திருத்தலாம். பத்துப் பேருக்கு ஆறு கவிதை, 60 பக்கம். ஒற்றைப் பக்கமாகவே நகலெடுங்கள், குறிப்பு எழுத இடம் வேண்டும்.

இருபது நிமிடம் போகும் விதம்: கவிஞர் ஒரு முறை படிப்பார். உடனே வேறொருவர், கவிதையை எழுதாதவர், இன்னொரு முறை படிப்பார். இந்த இரண்டாம் வாசிப்பை விட்டுவிடாதீர்கள். படிப்பவர் எங்கே தடுக்குகிறாரோ, எங்கே மூச்சு வாங்க இடமில்லாமல் திணறுகிறாரோ அங்கே தாளில் ஒரு கோடு போட்டால் பாதி விமர்சனம் முடிந்தது. அடுத்த 12 நிமிடம் கவிஞர் வாய் திறக்கக் கூடாது. "நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று தொடங்கிவிட்டால், தாளில் இருப்பதை விட்டுவிட்டு அவர் மனதில் இருப்பதைப் பேசத் தொடங்கிவிடுவோம். இந்தப் பன்னிரண்டில் முதல் நான்கு நிமிடம் வருணனை மட்டும்: இந்தக் கவிதையில் எந்த இடம், எந்த நேரம், யார் யாரிடம் பேசுகிறார், என்ன நடக்கிறது. பத்துப் பேரும் பத்து விதமாகச் சொன்னால் கவிஞருக்கு அதுவே செய்தி. பிறகுதான் எங்கே பிடி நழுவியது என்பது, கடைசியாக யோசனைகள். முடிவில் மூன்று நிமிடம் கவிஞர் கேள்வி கேட்கலாம். விளக்கம் சொல்லக் கூடாது.

நடத்துபவர் தடுக்க வேண்டியவை சில. "அருமை, வாழ்த்துகள்" என்று மட்டும் சொல்பவரிடம், "எந்த வரி?" என்று கேளுங்கள். "இது உங்க வாழ்க்கையில நடந்ததா?" என்ற கேள்வியை எப்போதும் அனுமதிக்காதீர்கள். காதலோ குடும்பமோ பற்றிப் பெண்கள் எழுதினால் இந்தக் கேள்வி வந்தே தீரும், அதோடு அவர்கள் எழுதுவதை மாற்றிக்கொள்வார்கள். கவிதைக்குள் "நான்" என்று பேசுபவரை "பேசுபவர்" என்றே குறிப்பிடுவது என ஒரு விதி வைத்தால் இது தானாகவே குறையும். ஒரே ஆள் நீளமாகப் பேசினால், சுற்றுமுறைக்கு மாற்றிவிடுங்கள்: இடமிருந்து வலமாக ஆளுக்கு ஒரு நிமிடம், வயதில் இளையவரிடமிருந்து தொடங்கி. பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

தொடக்கப் பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சிறு பத்தியை உரைநடையாகவே அச்சிட்டுக் கொடுத்து வரி பிரிக்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு: "பேருந்து நின்றதும் இறங்கியவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள் அவள் குடை பேருந்திலேயே போனது." சிலர் "திரும்பிப் பார்க்காமல்" என்று சேர்த்து ஒரு வரி வைப்பார்கள். சிலர் "திரும்பிப்" என்பதோடு வரியை முறிப்பார்கள். முறித்தால் ஒரு கணம் அவள் திரும்பியதாகத் தோன்றி, அடுத்த வரியில் அது இல்லையென்று ஆகும். எதிர்மறை நம் மொழியில் வினையின் வாலில் வருவதால் இந்த வேலை செய்ய முடிகிறது. கூடவே இன்னொன்றும் பேச வேண்டி வரும்: வரிக்கடைசியில் தொங்கும் அந்த "ப்" இருக்கலாமா? நிறுத்தாமல் அடுத்த வரிக்கு ஓடவேண்டும் என்றால் இருக்கட்டும். நின்று படிக்க வேண்டும் என்றால் ஒற்று இடறும், வரியை வேறு இடத்தில் முறியுங்கள்.

புதுக்கவிதையில் எல்லாப் பட்டறையிலும் வரும் நோய் வரிக்கடைசி வினைமுற்று. "பெய்கிறது, நனைகிறது, தெரிகிறது" என்று ஆறு வரியும் ஒரே ஓசையில் முடியும். நம் வாக்கியம் வினையில் முடிவதால், வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் இப்படித்தான் ஆகும். "பெய்யும் மழை" என்று பெயரெச்சமாக்கியோ, "நனைந்து" என்று எச்சமாக்கி அடுத்த வரிக்குக் கடத்தியோ, வரியைப் பெயரில் முடித்தோ பாருங்கள். ஒரு கவிதையில் உள்ள எல்லா "-கிறது"வையும் சிவப்பு மையால் வட்டமிடச் சொன்னால் எழுதியவருக்கே தெரிந்துவிடும். கடைசி இரண்டு வரியை விரலால் மறைத்துப் படிப்பதும் நல்ல சோதனை. பாதிக்கு மேற்பட்ட கவிதைகள் அங்கேயே முடிந்திருக்கும், அடுத்து வருவது விளக்கவுரை.

ஒலிப்பெட்டி:

வாசிப்பு அரங்கு, மைக் பற்றி மட்டும் சொல்கிறேன்.

40 பேர் அறைக்கு மைக் இல்லாமலே கேட்கும். எதிரி மின்விசிறிதான். படிப்பவர் தலைக்கு மேல் உள்ள விசிறியை நிறுத்திவிட்டு, கேட்பவர் பக்கம் உள்ளவற்றை நடு வேகத்தில் வையுங்கள். தெரு பக்கத்து சன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்கம் திறந்து வையுங்கள். மேடை தேவையில்லை, படிப்பவர் நின்று படித்தால் போதும்.

மெல்லிய குரல்காரர்களுக்காக மைக் வைப்பதென்றால் ஒரு கம்பி மைக், ஒரு ஸ்டாண்டு, ஒரு பெட்டி. ஒலிபெருக்கிப் பெட்டி மைக்குக்கு முன்னால், கேட்பவரை நோக்கி இருக்க வேண்டும். படிப்பவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பெட்டியின் ஒலியையே மைக் மறுபடி வாங்கி ஊளையிடும். உடனே எல்லாரும் ஒலியைக் குறைக்கச் சொல்வார்கள். இடத்தை மாற்றினாலே சரியாகிவிடும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி, நேர் எதிரே வேண்டாம், சற்று ஓரமாக. நேரே பிடித்தால் "ப", "ப்ப" வரும் இடமெல்லாம் டப் டப் என்று வெடிக்கும். நம் கவிதைகளில் வல்லொற்றுக்குப் பஞ்சமில்லை.

கைபேசியைப் பார்த்துப் படிக்கிறவர்கள் பாதியில் திரை அணைந்து தடுமாறுகிறார்கள், அழைப்பும் வருகிறது. தாளில் 16 புள்ளி அளவில், வரிக்கு வரி இடைவெளி விட்டு அச்சிடச் சொல்லுங்கள். விசிறிக் காற்றில் தாள் படபடப்பது மைக்கில் மழை மாதிரி கேட்கும், அதனால் பரீட்சை எழுதும் அட்டை இரண்டு வாங்கி மைக் பக்கத்திலேயே வையுங்கள்.

நேரக் கணக்கு: இரண்டு மணி நேர அரங்கில் அழைப்புக் கவிஞர் இருவர், ஆளுக்கு 20 நிமிடம். திறந்த மேடையில் 12 பேர், ஆளுக்கு 3 நிமிடமும் ஏறி இறங்க ஒரு நிமிடமும், மொத்தம் 48. தேநீர் 15, அறிமுகம் எல்லாம் சேர்த்து 10. கூட்டினால் 113 நிமிடம். திறந்த மேடைக்குப் பெயர் எழுதும் நோட்டை அரை மணி முன்பு திறந்து, நிகழ்ச்சி தொடங்கியதும் மூடிவிடுங்கள். அழைப்புக் கவிஞர்களில் ஒருவரை முதலிலும் மற்றவரைக் கடைசியிலும் வைத்தால், தன் கவிதையைப் படித்துவிட்டு எழுந்து போகிறவர்கள் குறைவார்கள்.

கவியரங்கப் பழக்கம் ஒன்று உண்டு, ஒவ்வொரு வரியையும் இருமுறை சொல்வது. பெருங்கூட்டத்தில், சந்தக் கவிதைக்கு அது பொருந்தும். 40 பேர் அறையில் 24 வரிக் கவிதை 48 வரி ஆகிறது, மூன்று நிமிடம் ஆறாகிறது. "ஒரு முறை மட்டும்" என்று நோட்டின் மேலேயே எழுதி வையுங்கள். இரண்டரை நிமிடம் ஆனதும் முன்வரிசையில் ஒருவர் மஞ்சள் அட்டையைக் காட்டினால் போதும், மணி அடித்தால் கவிதை உடைந்துவிடும்.

வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று போனால் அரங்கின் முதல் ஒரு மணி நேரம் அதற்கே சரி. பொன்னாடைக்குச் செலவழிக்கும் பணத்தை வெளியூரிலிருந்து வரும் கவிஞருக்கு வழிச்செலவாக உறையில் வைத்து, அன்றே, வந்து இறங்கியதுமே கொடுத்துவிடுங்கள். அவர் புத்தகத்துக்கு ஒரு மேசையும் சில்லறையும் வையுங்கள்.

யாப்புப் பித்தன்:

வெண்பாவுக்கு எட்டு வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம். எட்டில் நேரிசை வெண்பா வரை போகலாம். விருத்தமும் கட்டளைக் கலித்துறையும் அடுத்த சுற்றுக்கு. நூற்பாவை மனப்பாடம் செய்யவைத்துத் தொடங்கும் வகுப்பில் மூன்றாம் வாரம் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். காதில் தொடங்குங்கள், நூற்பா பின்னால் வரட்டும்.

முதல் வாரம் அசை, அதாவது சொல்லின் ஓசைத் துண்டு, மட்டும். குறிலோ நெடிலோ தனித்தும், ஒற்றடுத்தும் வந்தால் நேர். குறிலிணையும் குறில்நெடிலும் தனித்தும், ஒற்றடுத்தும் வந்தால் நிரை. நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு விரைவுத் தட்டு என்று மேசையில் தட்டச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் சீர், அதாவது அசைகள் சேர்ந்து அமையும் அலகு. அதற்கு ஊர்ப்பெயரைவிட நல்ல பாடம் இல்லை. சென்னை தேமா (நேர் நேர்), மதுரை புளிமா (நிரை நேர்), கல்லணை கூவிளம் (நேர் நிரை), சிதம்பரம் கருவிளம் (நிரை நிரை). இவற்றின் கடைசியில் ஒரு நேர் சேர்ந்தால் காய்: ஈரோடு தேமாங்காய், திருவாரூர் புளிமாங்காய், கும்பகோணம் கூவிளங்காய், பெரியகுளம் கருவிளங்காய். தூத்துக்குடி என்று யாராவது சொல்வார்கள்: தூத் துக் குடி, நேர் நேர் நிரை, தேமாங்கனி. கனிச்சீர் வெண்பாவுக்குள் வராது என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். மயிலாடுதுறை நாலசைக்குப் போய்விடும், அதுவும் வேண்டாம்.

மூன்றாம் வாரம் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை. வகுப்பு உடைவது இங்கேதான், அதனால் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டியது இவ்வளவுதான்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். அதாவது மாவில் முடியும் சீரை அடுத்து நிரையில் தொடங்கும் சீர் வர வேண்டும், மற்றவையும் அப்படியே. இதை விளக்க ஒரு பிழையான அடியைக் கொடுத்து அவர்களையே திருத்தச் சொல்லுங்கள்:

மழைவந்த மாலை வாசல் நனைய

படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் "மாலை" தேமா, அடுத்த "வாசல்" நேரில் தொடங்குகிறது. மா முன் நேர், தளை தட்டுகிறது. ஒரே ஓர் உருபு சேர்த்தால் போதும்:

மழைவந்த மாலையில் வாசல் நனைய
குழைந்த மணலில் தடம்

"மாலையில்" கூவிளம், விளம் முன் நேர் சரி. இங்கே "லை"யைக் கவனிக்க வேண்டும். சொல்லின் முதலில் அல்லாத ஐகாரம் குறுகிக் குறில்போல நிற்கும், எனவே "லையில்" ஒரே நிரை. ஐகாரக் குறுக்கத்தைச் சொல்லாமல் விட்டால் மாணவர் மா-லை-யில் என மூன்று நேராகப் பிரித்துத் தேமாங்காய் என்பார். இந்த இடத்தில் காய் முன் நேரும் சரியாகவே அமைவதால் பிழை வெளியே தெரியாது, அடுத்த பாட்டில்தான் மாட்டிக்கொள்வார். மற்றவை: "மழைவந்த" காய், அடுத்து நேர். "வாசல்" மா, அடுத்து நிரை. "நனைய" மா, அடுத்த அடியின் முதல் "குழைந்" நிரை. அடி தாண்டியும் தளை பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறப்பார்கள். ழைக்கு ழை எதுகை. ஈற்றில் "தடம்" மலர்.

ஈற்றுச்சீர், அதாவது பாட்டின் கடைசிச் சீர், நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். பழகாதவர்கள் "வந்தான்", "வந்தது" என்று முடிப்பார்கள். ஒன்று தேமா, மற்றது கூவிளம், இரண்டும் ஆகாது. "மரபு", "உலகு" என்று உகரத்தில் முடிந்தால் பிறப்பு. ஈற்றுச்சீருக்கு வரக்கூடிய சொற்களை வகுப்பே சேர்ந்து ஒரு தாளில் ஐம்பது எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், எழுதுவது எளிதாகும்.

ஐந்தாம் வாரம் எதுகை, மோனை. ஆறில் ஆளுக்கு மூன்று குறள் வெண்பா. ஏழில் நேரிசை: நான்கடி, கடைசி அடி முச்சீர், இரண்டாம் அடியின் நான்காம் சீர் முதல் எதுகையை ஏற்கும் தனிச்சொல். அந்தத் தனிச்சொல்லில்தான் "பாரில், ஊரில், சீராய்" என்று பொருளில்லாத அடைப்புகள் வரும். தனிச்சொல்லை நீக்கிப் படித்தால் பொருள் குறையவில்லை என்றால் அது வெற்றுச்சொல், மாற்றச் சொல்லுங்கள். எட்டாம் வாரம் தாங்கள் எழுதியதை உரக்கப் படிப்பது மட்டும்.

புணர்ச்சியில் ஓர் எச்சரிக்கை. "வீடு என்றான்" என்று பிரித்து எழுதினால் தேமா முன் நேர், பிழை. "வீடென்றான்" என்று சேர்ந்தால் ஒரே தேமாங்காய். குற்றியலுகரத்தின் முன் உயிர் வந்தால் அது கெடும். பிரித்து எழுதிக் கணக்கை ஒப்பேற்றக் கூடாது. வகையுளியையும் ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்துங்கள். சீருக்காகச் சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டினால் பாட்டு காதில் நொண்டும்.

இணையத்தில் அவலோகிதம் என்ற யாப்புச் சோதனைக் கருவி கிடைக்கிறது. பாட்டை இட்டால் அசை, சீர், தளை பிரித்துக் காட்டும். கையால் அலகிட்டு முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் பயன்படுத்தட்டும். முதலிலேயே கருவியிடம் போனால், பச்சை விளக்கு வரும்வரை சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தளை தட்டாது, கவிதையும் இருக்காது.

இந்த வகுப்பை முடித்தவர்களைத்தான் பட்டறையில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பொன்னி:

யாப்புப் பித்தன் ஐயா சொன்ன பாடமுறை நன்றாக இருக்கிறது, கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. 1959இல் 'எழுத்து' இதழ் தொடங்கிய நாளிலிருந்து புதுக்கவிதைக்கென்று ஒரு பயிற்சி வளர்ந்திருக்கிறது. அதில் எழுத வருபவரை எட்டு வாரம் வாசலில் நிறுத்துவது சரியல்ல. பட்டறைக்கு வர ஒரே தகுதி, மற்றவர் கவிதையை முன்கூட்டிப் படித்துக் குறிப்பெழுதி வருவது. குறிப்பில்லாமல் வந்தால் அன்று அவர் கவிதை பேசப்படாது. இது யாப்பைவிடக் கண்டிப்பான தகுதி.

குழந்தைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 9 முதல் 13 வயது வரை ஒரு குழு, 12 பேர், ஒரு மணி நேரம். அதற்கு மேல் உட்காரமாட்டார்கள். வகுப்பறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். யார் வந்து கூட்டிப்போகிறார் என்று கையெழுத்து வாங்குங்கள். பெற்றோர் கீழே நூலகத்தில் காத்திருக்கட்டும், அறைக்குள் இருந்தால் பிள்ளை அம்மாவுக்குப் பிடித்ததைத்தான் எழுதும்.

தலைப்பு கொடுக்காதீர்கள். "மரம்", "அன்னை" என்று கொடுத்தால் பேச்சுப்போட்டி வரிகள்தான் வரும். விடுகதையில் தொடங்குங்கள். ஒரு பொருளைப் பையில் போட்டுத் தொட்டுப் பார்த்து, பெயர் சொல்லாமல் நான்கு வரியில் சொல்லச் சொல்லுங்கள்: புளியங்கொட்டை, சீப்பு, பழைய சாவி, தேங்காய் நார். மற்ற பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். "அழகான" என்ற சொல்லால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர்களுக்கே புரியும். பேச்சுத்தமிழில் எழுதினால் திருத்தாதீர்கள். எழுத்துப்பிழையைத் தனியாக, பிறகு. மருதாணி அரைக்கிறதைப் பற்றி எழுதும் பிள்ளை வீட்டில் பேசுகிற சொல்லில்தான் எழுதும், அது அப்படியே இருக்கட்டும்.

கரையோரவன்:

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் மிக்க நன்றி. பட்டறைக்கு யாப்பு கட்டாயமில்லை, குறிப்பெழுதி வருவது கட்டாயம் என்று வைத்துக்கொள்கிறோம். இன்னும் மூன்று கேள்வி. வகுப்பில் பிறர் கவிதைகளை நகலெடுத்துக் கொடுக்கலாமா? ஆளுக்குக் கொஞ்சம் பணம் வாங்கித் தொகுப்பு நூல் போட்டுச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார், சரியா? நிகழ்ச்சிகளைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றலாமா?

மேசைவிளக்கு:

முதல் கேள்வி. நம் நாட்டில் பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. பாரதியின் எழுத்தை அரசு 1949இலேயே எடுத்துக்கொண்டு, பின்னர் பொதுவாக்கிவிட்டது. புதுக்கவிதை முன்னோடி ந. பிச்சமூர்த்தி மறைந்தது 1976இல், அவருக்கு 2036 முடிய உரிமை இருக்கிறது. இப்போது எழுதுகிறவர்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய நூல்களுக்கு இணையத்தில் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன, அங்கிருந்து எடுத்து அச்சிடலாம். புதியவர்கள் கவிதை வேண்டுமென்றால் தொகுப்பை நூலகத்துக்கே வாங்கச் சொல்லி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். கேட்டு எழுதிக்கொள்வதும் நல்ல பயிற்சி. கவிஞரே வருகிறார் என்றால் அவரிடம் இரண்டு கவிதைக்கு அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

இரண்டாவதற்கு என் பதில்: வேண்டாம். பணம் கட்டியவர் எல்லாருக்கும் இடம் என்றால் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது, திருத்தச் சொல்லவும் முடியாது. பட்டறையில் ஆறு மாதம் சேர்த்த நேர்மை ஒரே நூலில் போய்விடும். அச்சில் பார்க்க ஆசை இருந்தால், பட்டறையில் திருத்தி முடித்த கவிதைகளை 16 பக்கச் சிறு வெளியீடாக, நான்கு ஏ4 தாளை இருபுறமும் நகலெடுத்து நடுவில் மடித்து இரண்டு பின் அடித்தால் ஆயிற்று. பக்க வரிசை மாறாமல் இருக்க, வெற்றுத் தாளில் ஒரு மாதிரி மடித்து எண் எழுதிப் பார்த்துவிட்டு அச்சுக்குப் போங்கள். நூறு பிரதி போதும். காசு வாங்குவதென்றால் யாப்பு வகுப்புக்கு மட்டும் ஒரு சிறு தொகை வையுங்கள்; கட்டியவர்கள் வாரந்தோறும் வருவார்கள். வாசிப்பு எப்போதும் இலவசம், வாசலில் ஓர் உண்டியல். மாணவர்களிடம் எதற்கும் வாங்க வேண்டாம்.

படம்பிடிப்பது குறித்து, பெயர் எழுதும் நோட்டிலேயே "பதிவு செய்யலாம் / வேண்டாம்" என்று ஒரு கட்டம் போடுங்கள். வெளிவராத கவிதையையே கேட்கும் இதழ்கள் பல. காணொளியாக ஏறிவிட்டதை அவை வெளிவந்ததாகக் கருதலாம், ஆகவே புதுக்கவிதை எழுதிப் பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பட்டறையை எக்காரணம் கொண்டும் பதிவு செய்யக் கூடாது. குறிப்பெழுதிய நகல்களை எல்லாம் கடைசியில் அந்தந்தக் கவிஞரிடமே கொடுத்துவிடுங்கள். வேறு எங்கும் போகக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் படமாகவும் வரக் கூடாது.

ஒலிப்பெட்டி:

ஒன்று விட்டுப்போயிற்று. அறை அனுமதியை வாய்மொழியாக வைத்துக்கொள்ளாதீர்கள். நூலகர் மாற்றலாகிப் போனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வாசகர் வட்டத் தலைவர் கையெழுத்துடன், மாவட்ட நூலக அலுவலருக்கு நூலகர் வழியாக ஒரு கடிதம்: எந்த ஞாயிறு, எந்த நேரம், எத்தனை பேர், மின்சாரம், குடிநீர், துப்புரவு யார் பொறுப்பு. ஒப்புதல் நகலைப் பலகையில் ஒட்டுங்கள். மழைக்காலத்தில் ஞாயிறு மாலை மின்தடை வந்தால் பட்டறையை நிறுத்த வேண்டியதில்லை, சன்னலோரம் வட்டமாக நாற்காலியைப் போடுங்கள். நகல் தாள் கையில் இருப்பதால் வேலை நடக்கும். வாசிப்பு நாளில் ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றாலும் தள்ளிவைக்காதீர்கள். ஒரு முறை தள்ளிவைத்தால் அடுத்த மாதம் நடக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். ஐவரும் மைக் இல்லாமல் உட்கார்ந்து ஆளுக்குப் பத்து நிமிடம் படிக்கலாம். மாடிச் சாவி இருவரிடம் இருக்கட்டும்.